பிள்ளையார் பிடிக்கப் போய்...

போன வருஷம் ஜூலையில் ஒரு நாள். பம்பாய்க்கே உரிய அடைமழை. ஆபீசில் மீட்டிங் நடுவே ஜூனியரின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். "அப்பா, அம்மா ரெண்டு பேரும் நாளைக்கு வந்து பாருங்க." இந்த மாதிரி அழைப்பு வந்தாலே நமக்கு வயிற்றில் புளி கரைய ஆரம்பித்துவிடும். நான் படித்த காலத்தில் 'அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா' என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும் :-)

மறுநாள் தங்கமணியும் நானும் போய் நின்றோம். டீச்சர் நோட்டை விரித்துக் காட்டினார். கோடு போட்ட நோட்டில் எழுத்துகள் எல்லாம் காலை எட்டரை மணிக்குக் குர்லா ஸ்டேஷனில் வண்டி ஏறும் ஜனங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. "பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறான். விரலில் பலமே இல்லை. இப்படியே போனால் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவது கஷ்டம்" என்றார். பையனுக்கு அப்போது ஐந்து வயதுகூட முடியவில்லை.

டீச்சர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி படுக்கப் போகும்போது ஜூனியர் தன் வலது கையை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அப்பா, என் கை ரிப்பேரா?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இந்தப் பதிவு அந்தக் கையைப் பற்றியது. அந்தக் கைக்கு மருந்தாக வந்த மாவு உருண்டையைப் பற்றியது. கொஞ்சம் நீளம். ஒரு காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

செம்பூரிலேயே ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பிடித்தோம். சின்னப் பெண். பையனோடு அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டு எங்களிடம் வந்தார். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன, பிறக்கும்போது அவை எல்லாமே வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும், கடைசி எலும்பு கெட்டிப்பட ஆரம்பிக்கவே 9 முதல் 12 வயது ஆகிவிடும் என்றார். மத்திய அரசு 2022இல் வெளியிட்ட அடித்தளக் கல்விக்கான தேசியப் பாடத்திட்டச் சட்டகமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகத்தான் படிப்பு இருக்கவேண்டும் என்கிறதாம். "கை ரிப்பேர் எல்லாம் இல்லை. இன்னும் கட்டி முடிக்காத வீடு. மூணு மாசம் பென்சிலை மறந்துடுங்க. தினமும் அரைமணி நேரம் மாவு பிசையட்டும், உருட்டட்டும், கிள்ளட்டும்."

மாவு என்று அவர் சொன்னது, பொம்மைக் கடைகளில் கலர் கலர் டப்பாவில் விற்கிறதே, அந்த விளையாட்டு மாவை. அன்றைக்கே வாங்கினேன். பிரச்சினை மூன்றாம் நாள் வந்தது. விரலிடுக்கில் எல்லாம் சிவந்து, தடித்து, அரிப்பு. பையனுக்குக் கோதுமை ஆகாது. எங்கள் வீடு இட்லி தோசை வீடு என்பதால் அது பெரிய கஷ்டமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டுச் சாமானிலே கோதுமை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. தப்பு முழுக்க என் மேல்தான்.

தங்கமணி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதுவதாக இல்லை. ஆபீசில் மதிய நேரத்தில், இந்தக் கோதுமை எங்கே போய் எப்படி ஒரு பொம்மைக்குள் புகுந்தது என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்த கதை சுவாரசியமானது.

இந்த வகை மாவுக்கெல்லாம் மூத்தது ப்ளே-டோ. அது பிறந்தது பொம்மைக் கம்பெனியில் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி ஊரில் 1912இல் தொடங்கிய குட்டால் என்ற சோப்புக் கம்பெனியில். அந்தக் காலத்தில் அங்கே வீட்டைச் சூடாக்க நிலக்கரி எரிப்பார்கள். சுவரெல்லாம் காகிதம் ஒட்டியிருக்கும். கரிப்புகை படிந்து காகிதம் கறுத்துப்போகும். தண்ணீர் விட்டுத் துடைத்தால் காகிதம் கிழிந்துவிடும். அதற்காக ஒரு மாவு உருண்டை. சுவரில் வைத்து உருட்டினால் கரியை ஒட்டி எடுக்கும். அழுக்கானதும் உள்பக்கமாக மடித்துப் பிசைந்து மறுபடி உருட்டலாம். 1930களில் குரோகர் என்ற பெரிய மளிகைக்கடைக்காரர்கள் இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்க, குட்டாலின் நோவா மெக்விக்கர் அதைத் தயாரித்துக் கொடுத்தார். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய் வகை. அவ்வளவுதான். கோதுமை உள்ளே வந்தது இப்படித்தான். அது சுவர் துடைக்க வந்த கோதுமை!

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. வீடுகளுக்கு எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. கரி போனது. கழுவக்கூடிய வினைல் காகிதமும் வந்துவிட்டது. சுவர் துடைக்கும் மாவை யார் வாங்குவார்கள்? போதாததற்கு 1949இல் கம்பெனியை நடத்திவந்த கிளியோ மெக்விக்கர் விமான விபத்தில் இறந்துபோனார். மகன் ஜோ கையில் வியாபாரம் வந்தபோது அது மூழ்கிக்கொண்டிருந்த கப்பல்.

காப்பாற்றியது ஒரு பால்வாடி டீச்சர். கே ஜூஃபால் என்று பெயர். ஜோவுக்கு மைத்துனி முறை. நியூஜெர்சியில் சின்னப் பிள்ளைகளுக்கு நர்சரி நடத்திவந்தார். பள்ளிகளில் கொடுக்கிற களிமண் பிஞ்சு விரல்களுக்குக் கெட்டி. சுவர் துடைக்கும் மாவில் உருவம் செய்யலாம் என்று எங்கோ படித்திருந்தவர், வாங்கிவந்து பிள்ளைகள் கையில் கொடுத்தார். கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தொங்கவிடும் நட்சத்திரங்களும் பறவைகளும் பண்ணித் தள்ளிவிட்டார்கள். ஜோவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஜோ சலவைப் பொருளை எடுத்துவிட்டு வாசனையும் நிறமும் சேர்த்தார். அவர் வைக்க நினைத்த பெயர் ஏதோ மருந்துக் கடை பாட்டில் மாதிரி இருந்தது. 'குட்டாலின் வானவில் உருவமைப்புக் கலவை' என்று தமிழில் சொல்லலாம். கேயும் அவர் கணவரும்தான் 'அதெல்லாம் வேண்டாம், ப்ளே-டோ என்று வையுங்கள்' என்றார்கள்.

1956இல் வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் விற்பனைக்கு வந்தது. முதலில் ஒரே நிறம், அழுக்கு வெள்ளை. 1957இல் சிவப்பு, நீலம், மஞ்சள். அதே வருஷம் பிள்ளைகளுக்கான கேப்டன் கங்காரு என்ற டிவி நிகழ்ச்சியில் காட்டியதும் விற்பனை எங்கேயோ போய்விட்டது. காப்புரிமை 1965 ஜனவரியில் கிடைத்தது. நோவா, ஜோ இருவர் பெயரில். அதே வருஷம் ஜெனரல் மில்ஸ் கம்பெனி 30 லட்சம் டாலருக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. 1991இல் ஹாஸ்ப்ரோ கைக்கு வந்து இன்றுவரை அங்கேயே இருக்கிறது. 2018இல் அந்த மாவின் வாசனைக்குக்கூட அமெரிக்காவில் வணிகமுத்திரை வாங்கிவிட்டார்கள். நம் ஊர் வாசனை ஒவ்வொன்றுக்கும் இப்படி முத்திரை குத்த ஆரம்பித்தால் மாட்டுங்கா மார்க்கெட்டில் மூச்சு விட முடியாது.

காப்புரிமையில் கேயின் பெயர் இல்லை. அவரும் டாக்டரான கணவரும் 1990இல் நியூஜெர்சியின் டோவர் ஊரில் வசதியில்லாதவர்களுக்காக ஒரு இலவச மருத்துவமனை தொடங்கினார்கள். அது இன்று பல கிளைகளோடு அவர்கள் பெயரிலேயே நடக்கிறது.

'பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது' என்று நாம் ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். இங்கே கரி துடைக்கப் பிடித்த உருண்டை பொம்மையாய் முடிந்தது. அதைப் பார்த்துச் சொன்னது செய்த கம்பெனி இல்லை. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி. இதைப் படித்தபோது லேசாகப் பட்டது. மேலே தோண்டத் தோண்ட, எல்லாக் கதையும் இப்படியேதான் இருந்தது.

ப்ளே-டோவுக்கு ஒரு தாத்தா உண்டு. பிளாஸ்டிசின். இங்கிலாந்தில் பாத் நகரத்து ஓவியப்பள்ளி ஆசிரியர் வில்லியம் ஹார்பட் 1897இல் செய்தது. மாணவர்கள் சிற்பம் செய்யும்போது களிமண் காய்ந்து வெடிக்கிறது, எடையும் அதிகம் என்று பார்த்து, காயவே காயாத ஒன்றைத் தேடினார். சுண்ணாம்புத் தூள், பெட்ரோலிய ஜெல்லி, கொழுப்பு அமிலம். தண்ணீரே கிடையாது, அதனால் காய்வதும் கிடையாது. 1900இல் பக்கத்துக் கிராமமான பாத்தாம்ப்டனில் தொழிற்சாலை போட்டார். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் 'கிளே' என்று வாங்கி, எல்லா நிறத்தையும் ஒன்றாய்ப் பிசைந்து கடைசியில் ஒரே சாணி நிறமாக்குவோமே, அந்தக் குச்சிகள் இந்த வம்சம். அதற்கும் முன்னால் ஜெர்மனியில் 1837இல் மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல், பிள்ளைகளின் கைவேலைகளில் களிமண்ணையும் சேர்த்திருந்தார்.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களிமண் என்பது நுண்ணிய தகடுகள், நடுவில் தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். காய்ந்தால் சுருங்கும், சுட்டால் பானை. பிளாஸ்டிசினில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய்ப்பசை. மாவில் ஸ்டார்ச், உப்பு, தண்ணீர், எண்ணெய்.

சரி, நம்ம ஊர்? சங்கப் பாடல்களில் 'வண்டற்பாவை' வருகிறது. கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் பெண்பிள்ளைகள் வண்டலில் செய்து விளையாடும் பாவை. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்று கண்ணனிடம் பத்துப் பாட்டு சண்டை போடுகிறாள். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒன்று உண்டு. அப்புறம் வீட்டில் மஞ்சள் பிள்ளையார், மாவிளக்கு, கொழுக்கட்டை. அம்மா சப்பாத்தி தேய்க்கும்போது மூலையில் உட்கார்ந்து ஒரு சின்ன உருண்டையைக் கேட்டு வாங்கிக் குருவி செய்யாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

இதில் பம்பாய்க்கும் ஒரு பங்கு உண்டு. நாம் தினமும் கடந்துபோகும் இடம். மாட்டுங்காவுக்கு அடுத்தாற்போல் தாதர் ஹிந்து காலனி. அங்கே 1936இல் தாராபாய் மோடக் 'சிசு விஹார்' என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். 1892இல் பம்பாயில் பிறந்தவர். 1923இல் இருந்து குஜராத்தின் பாவ்நகரில், கிஜுபாய் பதேகா 1920இல் ஆரம்பித்த பால்மந்திரில் அவரோடு வேலை செய்தவர். மாண்டிசோரி முறைதான் வழி. ஆனால் மாண்டிசோரி சாமான்களின் விலையைக் கேட்டால் சாதாரணப் பள்ளிக்கூடம் தலைசுற்றி விழுந்துவிடும். பிள்ளைக்குத் தேவை சாமான் இல்லை, கைக்கு வேலை என்று அவருக்குத் தெரிந்தது. 1945இல் மும்பைக்கு வடக்கே கடலோரம் போர்டி கிராமத்துக்குப் போய், சுற்றிலும் சும்மா கிடைக்கிற பொருட்களை வைத்தே பால்வாடி நடத்தினார். பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைத் தூக்கிக்கொண்டு போனார். முற்றத்துக்கு மராத்தியில் 'அங்கண்'. அப்படிப் பிறந்த சொல்தான் அங்கன்வாடி. 1962இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1975இல் மத்திய அரசு குழந்தை வளர்ச்சித் திட்டம் கொண்டுவந்தபோது இதே சொல் நாடு முழுக்கப் போனது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1973இல் காலமாகிவிட்டார்.

இவ்வளவும் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஜூனியர் கையைக் கட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கோதுமை இல்லாத மாவு ஒன்றும் பக்கத்துக் கடைகளில் அகப்படவில்லை. எண்ணெய்க் களிமண் கொடுத்தால் கெட்டியாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டான்.

இந்தச் சமயத்தில்தான் அம்மா ஊரிலிருந்து வந்து இறங்கினாள். ஜூனியருக்கு ஆச்சி. விஷயத்தைச் சொன்னேன். ப்ளே-டோ, சின்சினாட்டி, காப்புரிமை எல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "கொழுக்கட்டை மாவு கிளறிக் கொடுத்தா போச்சு. இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?" என்றாள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்று ஒன்று உண்டு. ஔவையார் நோன்பு என்றும் சொல்வார்கள். ராத்திரி பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாத அரிசி மாவில் விதவிதமான உருவத்தில் கொழுக்கட்டை பிடித்து, அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். ஆம்பிளைகள் பார்க்கக்கூடாது, பையன்களுக்கும் தடா. என்ன உருவம் பிடித்தார்கள் என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். அம்மாவின் கைப்பழக்கம் அங்கே வந்தது. அதில் உப்பு கிடையாது. இதில் உப்பு ஏராளம்.

செய்முறை கேட்பவர்களுக்கு: பச்சரிசி மாவு 1 கப். பொடி உப்பு அரை கப். தண்ணீர் ஒன்றேகால் கப். நல்லெண்ணெய் 1 ஸ்பூன். எலுமிச்சம்பழம் அரை மூடி. தண்ணீரில் உப்பு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு போட்டுக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, மாவைத் தூவிக் கிளற வேண்டும். சட்டியில் ஒட்டாமல் உருண்டு வந்ததும் இறக்கி, கை பொறுக்கிற சூட்டில் பிசைய வேண்டும். நிறத்துக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு.

ஏன் வெந்நீர்? கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பச்சைத்தண்ணீர் விட்டுப் பிசைந்தாலே இழுவை வரும். அரிசியில் அது இல்லை. அதனால் பச்சைத்தண்ணீரில் பிசைந்தால் உதிர்ந்துபோகும். சூடு 70 டிகிரி வாக்கில் ஏறும்போது அரிசியின் ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து, உப்பிப் பசையாகிறது. அந்தப் பசைதான் குளூட்டன் செய்யும் வேலையைச் செய்கிறது. உப்பு மாவைக் கெடாமல் வைக்கும். எண்ணெய் கையில் ஒட்டாமல் வைக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் எலுமிச்சைக்குப் பதில் 'கிரீம் ஆஃப் டார்டார்' என்று இருக்கும். அது திராட்சை ஒயின் பீப்பாயில் படியும் உப்பு. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் நம் வீட்டுப் புளியிலும் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப புளியக் கரைச்சு ஊத்திரலாம்லா?" என்றாள். நிறம் போய்விடும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டு எச்சரிக்கை. உப்பு இவ்வளவு இருப்பதால் பிள்ளைகள் தின்றால் ஆபத்து. நாய் வளர்ப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. வாயில் வைக்கிற வயதென்றால் வேண்டவே வேண்டாம், விரலில் காயம் இருந்தாலும் எரியும். அடுத்தது, இந்த மாவு ஒரே நாளில் விறைக்க ஆரம்பிக்கும். ஆறின சோறு ஃப்ரிட்ஜில் கட்டியாவது போலத்தான். ஆறியதும் ஸ்டார்ச் மறுபடி இறுகிக்கொள்கிறது. ஈரத்துணி சுற்றி, டப்பாவில் போட்டு, மறுநாள் கொஞ்சம் சூடுபடுத்திப் பிசைந்தால் மூன்று நான்கு நாள் ஓட்டலாம். பம்பாய் மழையிலோ நேர் எதிர்த் தொல்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மாவுக்கு வேர்த்துவிடும். அதற்கும் ஆச்சி ஒரு பிடி மாவு தூவிச் சரிசெய்தாள்.

தினமும் சாயங்காலம் ஆச்சியும் பேரனும் ஹாலில் உட்கார்ந்து முறுக்கு சுற்றினார்கள், சீடை உருட்டினார்கள், பாம்பு விட்டார்கள். எல்லாம் உப்பு மாவில்தான். தெரபிஸ்ட் கொடுத்த பயிற்சித்தாளில் 'விரல் நுனியால் கிள்ளுதல், உள்ளங்கையால் உருட்டுதல், கட்டைவிரலால் குழித்தல்' என்று வரிசையாக இருந்தது. ஆச்சி அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. கிள்ளினால் உப்புச்சீடை, உருட்டினால் உருண்டை, குழித்தால் சொப்பு. கணக்குச் சரியாக வந்தது.

ஜனவரியில் பொங்கல் வந்தது. அம்மாவுக்கு மண்பானையில்தான் பொங்க வேண்டும். குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, ஜூனியரையும் இழுத்துக்கொண்டு தாராவிக்குப் போனோம். 90 அடி ரோட்டில் கால் வைத்தால் திருநெல்வேலி டவுன் மார்க்கெட்டுக்கு வந்தது போல இருக்கும். தமிழ் போர்டு, தமிழ்ப் பேச்சு, கரும்புக்கட்டு. பொங்கலன்று தெருவிலேயே வரிசையாக அடுப்பு கூட்டிப் பொங்குவார்கள். அந்தப் பானைகளின் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. கும்பார்வாடா.

தாராபாய் வேலை பழகிய பாவ்நகர் சௌராஷ்டிரத்தில் இருக்கிறது. கும்பார்வாடா குயவர்களும் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள்தான். பம்பாய்க்குப் பிழைக்க வந்து, 1930களில் தாராவியில் குடியேறியவர்கள். வெயில் காலத்துக்குக் குடிதண்ணீர் மட்கா, நவராத்திரிக்கு ஓட்டை போட்ட கர்பா பானை, தீபாவளிக்கு அகல், நமக்குப் பொங்கல் பானை. வீட்டின் முன்பக்கம் சக்கரம், பின்பக்கம் குடும்பம், நடு முற்றத்தில் நாலைந்து வீட்டுக்குப் பொதுவாகச் சூளை. பஞ்சுக்கழிவும் மரத்தூளும் எரித்துச் சுடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். மண் இந்த ஊரில் இல்லை. லாரியில் வெளியிலிருந்து வருகிறது. ஊறவைத்து, கல் நீக்கி, காலால் மிதித்து, அப்புறம் கையால் பிசைவார்கள். உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிட்டால் சூளையில் பானை வெடித்துவிடும். இப்போது பல வீடுகளில் பிசைவதற்கு மோட்டார் இருக்கிறது.

நாங்கள் பானை வாங்கிய வீட்டம்மா எங்கள் அம்மாவை 'மாசி' என்று கூப்பிட்டார். குஜராத்தியில் சித்தி, பெரியம்மா. அம்மா பதிலுக்கு 'தாயி' என்றாள். ஒருவர் பாஷை மற்றவருக்கு அரைகுறை. விலை பேசுவதில் மட்டும் இருவருக்கும் குறையே இல்லை. ஜூனியர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அம்மா ஒரு கட்டி மண்ணை எடுத்து, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து, அவன் கையில் வைத்தார். என்னிடம் இந்தியில் "இவனுக்கு என்ன பிடிக்குமோ செய்யட்டும். கெட்டுப்போனால் என்ன, திரும்பப் பிசைந்தால் மண்தானே" என்றார்.

ஆறு மாசமாக டாக்டர், டீச்சர், தெரபிஸ்ட் என்று அலைந்தவனுக்கு, யாரோ தோளில் தட்டிக்கொடுத்தது போல இருந்தது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனதிலிருந்து, அந்தச் சந்துகளில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. அடுக்குமாடி கொடுத்தால் சூளையை எங்கே வைப்பது, மண்ணை எங்கே கொட்டுவது, பானையை எங்கே காயப்போடுவது? ஏழாவது மாடியில் சக்கரம் சுற்றலாம். சூளை மூட்ட முடியுமா? புகை குறைய வேண்டும், கழிப்பறையும் தண்ணீரும் வர வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்குத் தரை வேண்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடவும் அதேதான் வேண்டியிருக்கிறது.

பாலிதீனில் சுற்றி மூன்று கிலோ மண் வாங்கிவந்தோம். இதற்குள் விரல் பழகியிருந்ததால் கெட்டி என்று தூக்கிப் போடவில்லை. கோதுமையும் இல்லை, அரிப்பும் இல்லை.

மார்ச்சில் பள்ளிக்கூடத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். பென்சிலை மூன்று விரலில் பிடிக்கிறான். எழுத்து இன்னும் குர்லா ஸ்டேஷன்தான், ஆனால் கூட்டம் குறைந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். மாவால் வந்ததா, வயசால் வந்ததா என்று தெரபிஸ்ட்டிடம் கேட்டேன். "ரெண்டும்தான். அதோட அவன்கூடத் தினமும் யாரோ உட்கார்ந்தாங்க இல்லையா, அதுவும்தான்" என்றார். எனக்கு ஹார்பட்டும் கேயும் தாராபாயும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். கண்டுபிடிப்பு என்று நாம் சொல்வதில் பாதி, பிள்ளை கையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் போல.

இந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு ஆச்சி பேரனிடமே மண்ணைக் கொடுத்து, "பிள்ளையார் பிடிச்சுக் கொடுல" என்றாள். குந்துமணி, எருக்கமாலை, காகிதக் குடை எல்லாம் மாட்டுங்காவில் வாங்கி வைத்தாயிற்று. ஒரு மணி நேரம் நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடித்துக் காட்டினான். வயிறு சரியாக இருக்கிறது. காது பரவாயில்லை. பின்னால் நீளமாக ஒன்று சுருண்டு நிற்கிறது.

"என்னல இது, பிள்ளையாருக்கு வாலு?"

"பிள்ளையார் இல்ல ஆச்சி, குரங்கு. நான் குரங்குதான் பிடிச்சேன்."

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அதன் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, கடைப் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தாள்.